நடிகனின் ஜாதகம்

நல்ல கிறிஸ்தவப் படமே வருவதில்லை என்று அங்கலாய்க்கிறவர்கள், வந்த படத்தையும் பார்க்க மறுத்தால் என்ன செய்வது? 2006-ல் அமெரிக்காவில் திரைக்கு வந்த ‘எண்ட் ஆஃப் த ஸ்பியர்’ படத்துக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது. மிஷனரி நேட் செயிண்டாக நடித்த சாட் ஆலன் தன்பால் விருப்பம் உடையவராம். போகாதீர்கள் என்றார்கள் போதகர்கள் சிலர்.

கதை என்ன? 1956 ஜனவரி 8-ந் தேதி, ஈக்வடார் காட்டில், குராராய் நதிக்கரை மணலில் ஐந்து மிஷனரிகளை வாவோரானி மக்கள் ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். ஐவரிடம் துப்பாக்கி இருந்தது. உயிரை எடுக்க அதை உபயோகிப்பதில்லை என்று முன்பே தீர்மானித்திருந்தார்கள். 1958-ல் நேட்டின் தமக்கை ரேச்சலும், மாண்ட ஜிம் எலியட்டின் மனைவி எலிசபெத்தும், கைக்குழந்தைப் பருவம் தாண்டிய சிறுமியோடு, அதே மக்களிடம் போய்க் குடியிருந்தார்கள்! கொன்றவர்களில் ஒருவரான மிங்காயே பிற்பாடு நேட்டின் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவாகவே ஆகிவிட்டார்.

இதைப் பார்க்க உட்காருகிறவனுக்கு நடிகனின் ஜாதகம் எதற்கு, ஐயா? இயேசு வேஷத்துக்குப் பாவமறியாத ஆள்தான் வேண்டுமென்றால் எந்தப் பாஸ்கு நாடகமும் மேடையேறாது. நேட்டின் மகன் ஸ்டீவே படத்தின் பக்கம் நின்றார். தகப்பனைப் பறிகொடுத்தவரைவிடவா நமக்கு ரோஷம் அதிகம்?

படத்தில் குறை இல்லாமலில்லை. ஐவரில் மற்ற நால்வர் பெயரளவுக்குத்தான் வந்து போகிறார்கள். திட்டுங்கள், சம்மதம், பார்த்துவிட்டுத் திட்டுங்கள். அடுத்த மிஷனரியின் கதைக்கு முதல் போட நினைக்கிறவன், இந்தப் படத்தின் வசூலைத்தான் முதலில் விசாரிப்பான்.