பிள்ளையின் பேனாவில் இரவற் சொல் ஏன்?

கடந்த மாரியில் ஒரு நாள், காணிப் பிணக்கு ஒன்றின் பொருட்டுக் கமக்காரர் சிலரைச் சந்திக்கக் கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். வாசிகசாலை மேசைமேல் ஒரு கட்டுக் கொப்பிகள் கிடந்தன. அவ்வூர்ப் பத்தாந் தர மாணவர் எழுதிய தமிழ்க் கட்டுரைகள். ஆட்கள் வந்து சேரும்வரை அவற்றைப் புரட்டிப் பார்த்தோம். தலைப்பு, 'எனது கிராமம்'.

இருபத்தெட்டுக் கொப்பிகள். இருபத்தேழில் முதல் வசனம் ஒன்றே. இருபத்தேழிலும் சலசலவென ஆறு ஓடிற்று. வானளாவிய மலை நின்றது. மலையடிவாரத்தில் மக்கள் ஒற்றுமையாக வாழ்ந்தனர். கமக்காரப் பெருமக்களே, இந்த மலையை நீங்கள் கண்டதுண்டா? எமது நாட்டிலே குருந்தூர்மலை உண்டு, வெடுக்குநாறிமலை உண்டு. இரண்டும் நீதிமன்றம் வரை சென்ற மலைகள். பிள்ளைகள் எழுதியவை அவையல்ல. கனகராயன் ஆறு உண்டு. அது மாரியிற் பெருகும், கோடையில் மணலாய்க் கிடக்கும். பிள்ளைகள் எழுதியது அதுவும் அன்று. யாரோ, எங்கோ, என்றோ எழுதி அச்சிட்ட மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தின் ஆறும் மலையுமே அவை.

இருபத்தெட்டாவது கொப்பி ஒரு பையனுடையது. காலபோகத்தில் நெற்கதிர் முற்றும் நாட்களில் தகப்பன் இரவுதோறும் காவற்கொட்டிலுக்குப் போவதையும், யானை வெடிச் சத்தம் கேட்டால் தாய் எழுந்து விளக்கேற்றுவதையும், விடிய ஐயா படலையைத் திறக்கும் ஓசை கேட்கும்வரை தான் உறங்காதிருப்பதையும் அவன் எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் இருந்தன. ஆயின் அந்த ஊர் அக்கொப்பியில் மட்டுமே இருந்தது. அடியிலே சிவப்பு மையிற் குறிப்பு: 'முன்னுரை இல்லை. பழமொழி இல்லை.' புள்ளி இருபதுக்கு ஆறு. இல்லாத மலையை எழுதியோருக்குப் பதின்மூன்றும் பதினான்கும்.

பொய் சொன்னவர் சித்தி. மெய் சொன்னவன் தோல்வி. இத்தீர்ப்புக்கு எதிராகவே இன்று மேன்முறையீடு செய்கின்றோம்.

குற்றவாளி யார்?

அந்த ஆசிரியையைக் கூண்டில் ஏற்றுவது எமது நோக்கமன்று. அவரும் இவ்விதமே கற்றார். இவ்விதமே கற்பிக்கும்படி பணிக்கப்பட்டார். முன்னுரையில் ஒரு பழமொழி, பொருளுரையில் மூன்று பந்தி, முடிவுரையில் 'எனவே நாம் அனைவரும்' என்று தொடங்கும் ஒரு சபதம். இவ்வச்சில் வார்த்தால் திருத்துவது எளிது. ஒரே கட்டுரையைச் சொல்ல எழுதுவித்து, பாடமாக்குவித்துப் பரீட்சை மண்டபத்துக்கு அனுப்புவதும் எளிது. தனியார் கல்வி நிலையம் அதை விற்கின்றது; பெற்றோர் கடன்பட்டு வாங்குகின்றனர்; பாடசாலை பெறுபேற்று வீதத்தைக் காட்டி மகிழ்கின்றது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிலிற் பிடித்த இந்நோய் சாதாரண தரம் வரை முற்றிவிடுகின்றது.

வேடிக்கை ஒன்று கேளுங்கள். 'ஒரு நாணயத்தின் தன்வரலாறு', 'ஒரு குடையின் தன்வரலாறு', 'நான் ஒரு பசு' என்றெல்லாம் எழுதாத பிள்ளை எமது பாடசாலைகளில் உண்டா? நாணயம் பேசுகின்றது, குடை பேசுகின்றது, பசு பேசுகின்றது. பிள்ளை மட்டும் பேசக்கூடாது! தன்னைத் தவிர எல்லாவற்றின் தன்வரலாற்றையும் எழுதத் தெரிந்த ஒரு தலைமுறையை நாம் உருவாக்கிக்கொண்டிருக்கின்றோம்.

சட்டம் கேட்பது என்ன?

'கட்டுரை எப்படி எழுதினால் என்ன, பாடம் சித்தியடைந்தாற் போதும்' என்பார் உளர். வழக்கறிஞர் என்ற முறையில் அவர்களுக்கு ஒன்று கூறுவோம். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் இன்றும் எமது நீதிமன்றங்களில் நடைமுறையில் உள்ளது. அதன் 60ஆம் பிரிவு வாய்மொழிச் சான்று நேரடியாய் இருக்கவேண்டும் என்கின்றது. கண்ணாற் கண்ட விடயமாயின், 'நான் கண்டேன்' என்று சொல்லக்கூடியவனே வந்து சொல்லவேண்டும். காதாற் கேட்ட விடயமாயின், 'நான் கேட்டேன்' என்பவனே சொல்லவேண்டும். சட்டம் வகுத்த சில விலக்குகள் போக, பிறர் சொல்லக் கேட்டதைத் தன் சாட்சியமாகச் சொல்பவனை நீதவான் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்.

நீதிமன்றத்திற் செல்லாத செவிவழிச் சான்று பள்ளிக்கூடத்தில் மட்டும் பரிசு பெறுவது எவ்வாறு? பத்து வருடம் இரவற் சொல்லைப் பாடமாக்கிய பிள்ளை, இருபது வயதிற் சத்தியக் கடதாசியின் முன் வந்து நிற்கும்போது எதைச் சொல்லும்?

இது கற்பனைப் பயமன்று. 2025 மார்ச் 28ஆம் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வெளிவந்தது. வடமாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு உரிமையுடையோர் மூன்று மாதங்களுக்குள் தம் உரிமையைக் கோரவேண்டும், தவறின் அவை அரச காணியாகும் என்பதே அதன் சாரம். முல்லைத்தீவு, கிளிநொச்சிக் காணிகளும் அதில் அடங்கின. எதிர்ப்பு எழுந்தது, வழக்குத் தொடரப்பட்டது, அவ்வறிவித்தல் பின்னர் மீளப்பெறப்பட்டது. ஆயின் அந்த மூன்று மாதங்களில் நாம் கண்டது என்ன? உறுதி இடம்பெயர்விலே தொலைந்தது. நில அளவைப் படம் இல்லை. எஞ்சியிருந்தது மனிதனின் ஞாபகம் ஒன்றே. எந்த ஆண்டு காடு வெட்டினோம், கிணற்றை யார் தோண்டினார், எல்லையில் எந்த மரம் நின்றது, எந்த நாளில் எந்தப் பாதையால் வெளியேறினோம் என்பதைத் தெளிவாக எழுதத் தெரிந்தவன் ஆயுதபாணி. எழுதத் தெரியாதவன் மனு எழுதுபவரின் வாசலில் நின்றான்.

மனு எழுதுபவர் என்ன செய்தார்? அவரிடமும் ஓர் அச்சு உண்டு. பெயரும் ஏக்கரும் மாறும்; மற்ற வசனங்கள் மாறா. எமது தொழிலைச் சேர்ந்தோரும் இக்குற்றத்திலிருந்து நீங்கியவரல்லர். நாமே அத்தகைய மனுக்களில் ஒப்பமிட்டுள்ளோம். 'நாற்பது பேரும் ஒரே வசனத்தைச் சொல்கிறார்களே, யார் சொல்லிக்கொடுத்தது?' என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டபோது தலைகுனிந்து நின்ற அநுபவமும் எமக்கு உண்டு. உண்மையைச் சொன்ன நாற்பது பேரும் ஒரே அச்சிற் சொன்னதால் பொய்யர் போற் காட்சியளித்தனர்.

மறுபுறம், எமது தாய்மாரைப் பாருங்கள். 2010 செப்ரெம்பரில் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சியில் அமர்ந்தபோதும், 2014 சனவரியில் காணாமற்போனோர் பற்றிய ஆணைக்குழு அங்கு அமர்ந்தபோதும், அவர்கள் முன்னுரை சொல்லவில்லை, பழமொழி சொல்லவில்லை. கண்டதைச் சொன்னார்கள், நாளைச் சொன்னார்கள், இடத்தைச் சொன்னார்கள். நீதி கிட்டவில்லை; அது வேறு கதை. ஆயினும் அவர்கள் சொன்னதைச் செவிவழிச் சான்று என்று எவராலும் ஒதுக்க முடியவில்லை. சொல்லும் வன்மை எமது மக்களிடம் பிறவியிலேயே உண்டு என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டா. சிறுபோகப் பங்கீட்டுக் கூட்டத்திலே துருசுத் தண்ணீருக்காக எழுந்து பேசும் கமக்காரனின் வாக்கைக் கேட்டவர்க்கும் இது தெரியும். அவனுடைய பிள்ளையின் கையிற் பேனாவைக் கொடுத்ததும் அந்த வாக்கைப் பறித்துவிடுகின்றோமே, அதுவே கொடுமை.

வன்னியை எழுதியவர் யார்?

சான்றுச் சட்டம் பிறந்த அதே 1895இல்தான் வன்னியைப் பற்றிய பெருநூல் ஒன்றும் வெளிவந்தது. எழுதியவர் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேயச் சிவில் உத்தியோகத்தர். நூற்று முப்பது ஆண்டுகளாகியும், எமது குளங்களையும் குடிகளையும் அறிய அவர் நூலையே நாம் புரட்டுகின்றோம். அவர் உழைப்பைப் பழிக்கவில்லை. எமது வீட்டுக்கு அயலவரே சாட்சியாய் நிற்கும் நிலையைத்தான் நோகின்றோம்.

முல்லை மண்ணில் ஆசிரியராயிருந்த பாலமனோகரன் 1973இல் 'நிலக்கிளி' நாவலை வெளியிட்டபோது நிகழ்ந்ததை நினைவூட்டுவோம். தண்ணிமுறிப்புக் காட்டையும் அக்காட்டு மக்களையும் அவர் தாம் அறிந்தவாறே எழுதினார். ஈழமெங்கும் வாசித்தார்கள். இல்லாத மலையை எழுதியிருந்தால் யார் வாசித்திருப்பர்? தன் மண்ணை எழுதியவன் உலகுக்கு அந்நியனாவதில்லை.

மறுப்போர்க்கு மறுமொழி

சிலர் கூறுவர்: 'வன்னிப் பிள்ளை வறிய பிள்ளை. ஆசிரியர் பற்றாக்குறை. அச்சுக் கட்டுரையாவது இருந்தாற்றானே சித்தியடையும்?' இரங்குவது போல் இழிவுபடுத்தும் வாதம் இது. வறியவனுக்கு இரவற் சொல் போதும், வசதியுள்ளவனுக்குச் சொந்தச் சொல் என்பதே அதன் உட்பொருள். மேலும், பாடமாக்கிய கட்டுரை எதிர்பாராத தலைப்பு வந்தால் கைவிடும். கண்டதை ஒழுங்காய் எழுதப் பழகிய பிள்ளையை எந்தத் தலைப்பும் கைவிடாது.

வேறு சிலர் கூறுவர்: 'அமைப்பு வேண்டாமா? இலக்கணம் வேண்டாமா?' வேண்டும். வரம்பு இல்லாத வயலில் நீர் நில்லாது. ஆயின் வரம்பை மட்டும் கட்டிவிட்டு விதைக்காமல் வீடு திரும்பும் கமக்காரனை ஊர் என்னவென்று சொல்லும்?

இன்னொரு கூற்று மதிப்புக்குரியது. 'புண்பட்ட வீடுகள் இவை. பிள்ளையைச் சொந்தக் கதை எழுதச் சொன்னால் புண்ணைக் கிளறுவதாகாதா?' உண்மை. எந்தப் பிள்ளையையும் துயரத்தைக் கொப்பியிற் கொட்டும்படி வற்புறுத்தல் ஆகாது. எதை எழுதுவது, எதை எழுதாது விடுவது என்ற உரிமை எழுதுபவனுக்கே உரியது. இன்று சாதாரண தரம் எழுதும் பிள்ளைகள் போர் ஓய்ந்த 2009ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். அவர்களுக்கென வேறு காட்சிகள் உண்டு. அரைகுறையாய் நிற்கும் வீட்டுத்திட்டச் சுவர், வாரந்தோறும் வரும் நுண்கடன் வசூலிப்பாளர், 2018 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் வந்த நீர், பாட்டியின் கை, பள்ளிக்கு மிதிக்கும் சைக்கிள். இவை போதாவா?

உலகம் கற்ற பாடம்

சீனத்திலே அரச உத்தியோகத் தேர்வுக்கு 'எட்டுக்கால் கட்டுரை' என்றொன்று இருந்தது. எட்டு உறுப்புகள், வகுத்த வரிசை, பழைய நூல்களின் குரல். மிங் அரசர் காலந்தொட்டுப் பன்னூறு ஆண்டுகள் அந்நாட்டு அறிவாளிகள் இந்த அச்சுக்குட் கிடந்தனர். அந்நியர் படையெடுத்து அவமானப்படுத்திய பின்னரே விழித்தனர். முதலில் அக்கட்டுரையும், 1905இல் அத்தேர்வு முறையும் ஒழிந்தன. எவ்வளவு பெரிய நாடும் தன் பிள்ளைகளுக்கு இரவற் குரலைக் கற்பித்தால் தன்னைச் சூழ நடப்பதைக் காணாது என்பதற்கு இது சாட்சி.

இத்தாலியிலே பார்பியானா என்னும் மலைக்கிராமம். பரீட்சைகளில் தோற்றுத் தள்ளப்பட்ட கமக்காரப் பிள்ளைகளை லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் அங்கு கூட்டிக் கற்பித்தார். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து 1967இல் 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூலை வெளியிட்டனர். தம்மைத் தோற்கடித்த கல்விமுறையையே விசாரணைக்கு நிறுத்தினர். அவர்கள் எழுதிய முறை எளியது. தோன்றியதைத் துண்டுக் கடதாசிகளிற் குறித்தனர், ஒத்தவற்றைச் சேர்த்து அடுக்கினர், உரத்து வாசித்தனர், வேண்டாத சொல்லை வெட்டினர். இதற்குப் பணம் வேண்டுமா? கட்டடம் வேண்டுமா? பார்பியானாவுக்கு இயன்றது எமது கிராமங்களுக்கு இயலாதா?

செய்யவேண்டியது

ஆசிரியப் பெருமக்களே! இரு வாரத்துக்கு ஒரு கட்டுரையாவது பிள்ளை தன் கண்ணாற் கண்ட ஒன்றைப் பற்றியதாக இருக்கட்டும். 'நீ கண்டது என்ன, கேட்டது என்ன, அதிலிருந்து நீ நினைப்பது என்ன?' இம்மூன்று கேள்விகளே முன்னுரை, பொருளுரை, முடிவுரையாகட்டும். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள். பிள்ளையின் கூற்றைத் திருத்தாதீர்கள்.

வலயக் கல்விப் பணிமனைகளை ஆள்வோரே! தவணைப் பரீட்சைப் புள்ளித் திட்டத்தில், சொந்த அவதானத்துக்கும் சொந்த மொழிக்கும் ஒரு பங்கு புள்ளியை ஒதுக்குங்கள். புள்ளி போகும் வழியே படிப்பும் போகும்.

பெற்றோரே! மாதிரிக் கட்டுரைப் புத்தகத்துக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடியுங்கள். மாலையிற் பிள்ளை எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு எழுத வாசிக்கத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. எழுதியது உங்கள் வீடா, அந்நியர் வீடா என்பது உங்கள் காதுக்குத் தெரியும்.

சட்டத்தரணிகளே, பொறியியலாளர்களே, வைத்தியர்களே, கணக்காளர்களே! கிழமைக்கு ஒரு மாலையை உங்கள் ஊர் வாசிகசாலைக்குக் கொடுங்கள். பிள்ளைகள் எழுதியதை ஊரார் முன் வாசிக்கும் கூட்டம் மாதமொன்று நடக்கட்டும்.

அன்று பிணக்கு விசாரணை முடிந்தபின், அந்தப் பையனின் தகப்பன் அங்கிருப்பதை அறிந்து, மகனின் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், 'அவன் நித்திரையெண்டுதான் நான் நினைச்சிருந்தன்' என்றார்.

இருபதுக்கு ஆறு புள்ளி பெற்ற கட்டுரை ஒரு தகப்பனுக்குத் தன் மகனைக் காட்டிற்று. பதினான்கு பெற்றவை எவருக்கும் எதையும் காட்டவில்லை. எமது பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்கப் போகின்றோம்? வன்னி மக்களே, தீர்ப்பு உங்கள் கையில்.