தாது உப்பின் பலனைக் கன்றில் பாருங்கள்

தென்காசி, செங்கோட்டை, இலத்தூர் வட்டாரம் நெல் விளையும் பூமி. காரும் பிசானமும் முடிந்தால் வீட்டுக்கு ஒரு வைக்கோல் படப்பு எழும். அதன் நிழலில் ஒன்றிரண்டு கலப்பினப் பசுக்கள் நிற்கும். வைக்கோல், தவிடு, கொஞ்சம் பிண்ணாக்கு, கழுநீர் ஆகியவையே அவற்றின் ஆகாரம். இப்போது இவற்றுடன் சுண்ணாம்புச் சத்து டானிக், பால் பெருக்கும் பொடி என்று பாட்டில்களும் பொட்டலங்களும் தொழுவத்துக்கு வந்துவிட்டன. இவற்றால் பால் கூடுமா என்பதே சிறு விவசாயிகளின் கேள்வி.

சத்துக்குறை இருந்தால் அதை நிரப்பும் பொருள் பலன் தரும். குறை இல்லாத இடத்தில் அதுவே வீண் செலவு. நம் பகுதி மாடுகளுக்குக் குறை இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஒரு லிட்டர் பாலில் ஏறத்தாழ 1.2 கிராம் சுண்ணாம்புச் சத்து வெளியேறுகிறது. 10 லிட்டர் கறக்கும் பசு நாள்தோறும் 12 கிராமைப் பாலிலேயே இழக்கிறது. வைக்கோலில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. தவிட்டில் மணிச்சத்து மிகுதி. சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. ஆகவே வைக்கோலையும் தவிட்டையும் நம்பிய மாடு தன் எலும்பைக் கரைத்துப் பால் தருகிறது. துத்தநாகம், தாமிரம் போன்ற நுண்சத்துகளும் பற்றாமல் போகலாம். இந்தக் குறையை நிரப்பக் கறவைப் பசுவுக்குத் தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை போதும். மாதத்துக்கு 1½ கிலோதான் ஆகும்.

ஆனால் அதன் பலனை எங்கே பார்ப்பது? இங்கேதான் விவசாயிகள் ஏமாறுகிறார்கள். கன்று ஈன்ற பசுவுக்கு 6 முதல் 8 வாரம் வரை பால் தானாகவே ஏறும். அந்தச் சமயத்தில் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றினால், ஏறிய பாலின் பெருமை பாட்டிலுக்குப் போகிறது. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியில் வரப்பெல்லாம் பசும்புல் செழிக்கும், பாலும் கூடும். அப்போது வாங்கிய பொடிக்கும் அதே நற்பெயர். கோடையில் புல் காய்ந்து பால் இறங்கும்போது அதே பொடி கைவிட்டுவிடும். ஒரு பொருளைச் சோதிக்க விரும்பினால், வேறு தீவனம் எதையும் மாற்றாமல், கொடுப்பதற்கு முன் 10 நாளும் கொடுக்கும்போது 10 நாளும் பாலை அளந்து எழுதிப் பார்க்க வேண்டும். ஈன்று 3 மாதம் கழிந்த பசுவில் சோதிப்பது நல்லது.

தாது உப்பை அந்த 10 நாள் கணக்கில் அடக்கக் கூடாது. அதன் பெரும்பலன் மாடு தவறாமல் பருவத்துக்கு வருவதிலும் சினை பிடிப்பதிலும் இருக்கிறது. ஈன்ற 60 முதல் 90 நாளுக்குள் பசு மீண்டும் சினையாக வேண்டும். ஒரு பருவம் தவறினால் 21 நாள் போகும். மூன்று தவறினால் 63 நாள். அத்தனை நாளும் அடுத்த கன்றும் அடுத்த கறவையும் தள்ளிப்போகும். தீவனச் செலவு மட்டும் நிற்காது. ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவரை நொடிக்கச் செய்வது இந்த வெறும் நாட்களே.

தாது உப்பு கொடுத்துவிட்டால் தீவனத்தைக் குறைக்கலாம் என்று எண்ணுவதும் தவறு. குழம்புக்கு உப்புப் போலத்தான் அது, உப்பே சோறாகாது. பசுவின் உடலுக்கு 1½ கிலோவும், கறக்கும் ஒவ்வொரு 2½ லிட்டருக்கு ஒரு கிலோவும் அடர்தீவனம் வேண்டும். பிண்ணாக்கும் தவிடும் மட்டுமின்றி மக்காச்சோளம் போன்ற தானியமும் அதில் சேர வேண்டும். மாவுச்சத்து குறைந்தால் பாலின் திடப்பொருள் குறையும்; சங்கத்தில் விலையும் குறையும். வாய்க்கால் ஓரத்தில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும், வரப்பில் அகத்தியும், நாலைந்து சென்ட்டில் வேலிமசாலும் இருந்தால் பிண்ணாக்குச் செலவு இறங்கும். தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருப்பது காசில்லாத சத்து.

தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் 2012 முதல் 2019 வரை நடந்த தேசியப் பால்வளத் திட்டத்தில் இதே வழியைத்தான் பின்பற்றியது. ஊரிலேயே ஒருவரைப் பயிற்றுவித்து, மாட்டின் பாலையும் வீட்டில் உள்ள தீவனத்தையும் கணக்கிட்டு, குறையும் சத்தை மட்டும் சேர்க்கச் சொன்னார்கள். புதிய மருந்து எதுவும் இல்லை. உள்ளதைச் சரிவிகிதமாக்கியதே அதன் சாரம்.

இந்த முறை நம் ஊர்ப் பால் சங்கங்களிலும் வேரூன்ற வேண்டும். தாது உப்புக் கலவையைச் சங்கத்திலேயே இருப்பு வைத்து, பால் பணத்தில் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டால், கையில் ரொக்கம் இல்லாதவரும் மாதந்தோறும் வாங்குவார். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தாது உப்புக் கலவை தயாரித்து வழங்குகிறது. அதன் திருநெல்வேலிக் கல்லூரி 2012 முதல் இராமையன்பட்டியில் இயங்குகிறது. ஆலோசனை கேட்க அதிகத் தொலைவு போக வேண்டியதில்லை.

ஈன்றதும் எழ முடியாமல் படுத்துவிட்ட பசுவுக்கு மட்டும் பொடியும் டானிக்கும் தேடி நேரம் கழிக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். மற்றபடி, பாட்டிலுக்கு முன் புல்லும் நீரும் அடர்தீவனமும். அவற்றோடு தினம் 50 கிராம் தாது உப்பு. ஆண்டுக்கொரு கன்று என்பதை நெருங்கி வரும் தொழுவமே இலாபம் தரும் தொழுவம்.