பெரியவரை நாற்காலியில் கட்டிப் போடாதீர்கள்!

“அவருதான்ப்பா... அந்தத் தாலுகா ஆபீஸ்ல இருந்தாரே... உயரமா இருப்பாரே... பேரு வாய் வரைக்கும் வந்துடுச்சு!”

அறுபதைத் தாண்டியவர் இருக்கும் எந்த வீட்டிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. அந்த ஆளின் மீசை ஞாபகம் இருக்கும். குடியிருந்த தெரு ஞாபகம் இருக்கும். ஏன், வாங்கிப் போய்த் திருப்பித் தராத ஐந்து ரூபாய் கூட ஞாபகம் இருக்கும்! பெயர் மட்டும் தொண்டையில் மாட்டிக்கொள்ளும்.

உடனே மகன் உத்தரவு போடுகிறார்: “அப்பாவுக்கு மறதி வந்துடுச்சு. இனிமே தனியா வெளியே விடாதே.”

தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மறதி வேறு, இது வேறு

வயதானால் தெரிந்த சொற்கள் குறைந்து போவதில்லை. எழுபது வயதுக்காரரின் சொற்கிடங்கில் இருபது வயதுப் பையனுடையதைவிடச் சரக்கு அதிகமாகவே இருக்கும். கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஆள்தான் கொஞ்சம் மெதுவாகி விடுகிறான். அர்த்தம் தெரிகிறது, அதன் ஒலி மட்டும் வர மாட்டேன் என்கிறது. மனிதர்களின் பெயர் என்றால் இன்னும் மோசம். (பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் நின்றால், கையில் இருக்கும் பொருள் எதற்கென்றே தெரியாமல் விழித்தால் அது வேறு கதை. டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.)

2018-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 28 பெரியவர்களை, இருந்த இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் ஏற்றி உடல் தெம்பை அளந்தார்கள். விளக்கத்தைக் காட்டிச் சொல்லைக் கேட்டார்கள். பிரபலங்களின் விவரத்தைக் கொடுத்துப் பெயரைக் கேட்டார்கள். தெம்பு கூடுதலாக இருந்தவர்களுக்கு “வாயில வந்து நிக்குது” என்ற திண்டாட்டம் குறைவாக இருந்தது. வயதையும், யாருக்கு எத்தனை சொல் தெரியும் என்பதையும் கழித்துப் பார்த்த பிறகும் அப்படியே!

இன்று சைக்கிள் மிதித்தால் நாளைக்குப் பெயர் வந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. சின்ன ஆய்வுதான். தொடர்பு தெரிந்தது, அவ்வளவே. ஆனால் காலையும் நாக்கையும் தனித்தனி இலாகாவாக நினைக்கும் நம் வீடுகளுக்கு அது ஒரு குட்டு.

கடைக்குப் போற வேலை

ஜிம்முக்கு ஓட வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொன்ன குறைந்தபட்சக் கணக்கு, வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு. நாளைக்கு 22 நிமிடம் கூட இல்லை. கொஞ்சம் வேகமாகக் கடைக்கு நடப்பதும், கை கால் அசைய வீட்டு வேலை செய்வதும் கணக்கில் சேர்த்தி.

பால் வாங்கப் போகும் தாத்தா வெறுமனே நடக்கவா செய்கிறார்? அயர்ன் வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை. கீரைக்காரம்மாவிடம் பேரம். சிறுகீரையா, பொன்னாங்கண்ணியா என்று பெயர் சொல்லிக் கேட்டாக வேண்டும். சில்லறை எண்ண வேண்டும். எதிரே வந்து “சௌக்கியமா சார்?” என்பவர் யார் என்று பிடிக்க வேண்டும். காலுக்கும் வேலை, வாய்க்கும் வேலை.

இப்போதோ செல்போனில் ஒரு தட்டு தட்டினால் கீரை வாசலில் நிற்கிறது. கரண்ட் பில்லும் அதிலேயே முடிந்தது. “நீங்க உட்காருங்கப்பா, நான் பாத்துக்கறேன்” என்று மகன் பாசத்தோடுதான் சொல்கிறார். பாட்டியின் கையிலிருந்து மருமகள் கரண்டியை வாங்கி வைப்பதும் பாசத்தில்தான். காலையில் உட்கார்ந்தால் ராத்திரி சீரியல் முடியும் வரை நாற்காலி. டி.வி. பேசிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் பேச வேண்டிய அவசியம் கிடையாது!

எங்கே நடைபாதை?

மகன்களை மட்டும் திட்டி என்ன பயன்? அவர்கள் பயத்துக்குக் காரணம் தெருவில் கிடக்கிறது.

ஸ்வீடனில் முதியோர் குடியிருப்பில் இருந்த 58 பேரைக் கவனித்து, 1997-ல் ஒரு ஆய்வு வெளியானது. நடந்துகொண்டிருக்கும்போதே பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் நடையை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தார்கள்! நடப்பதற்கும் பேசுவதற்கும் கவனம் ஒரே பையிலிருந்துதான் போகிறது. வயதானவருக்கு அந்தப் பை சில சமயம் இரண்டுக்கும் பற்றுவதில்லை.

குடியிருப்புக்குள் நடந்தவர்களுக்கே இந்தக் கதி. சென்னையில் தூக்கி நிற்கும் சிலாப்பையும், மின்சாரப் பெட்டியையும், பிளாட்பாரத்தின் மேலேயே ஹாரன் அடித்து வரும் மோட்டார் சைக்கிளையும் சமாளிக்கும் பெரியவரின் கவனம் முழுக்கப் பாதத்தில்தான் இருக்கும். வாய்க்கு மிச்சம் ஏது?

நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று சென்னை மாநகராட்சி 2014-ல் கொள்கையே கொண்டு வந்தது. போக்குவரத்துப் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் அவர்களுக்கு என்று எழுதியும் வைத்தார்கள். 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பாண்டி பஜார் தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போகும் இடம். பெரியவர் அரை லிட்டர் பாலுக்குப் போவது தன் தெருமுனைக்கு. வார்டு கவுன்சிலர் முதலில் சரி செய்ய வேண்டியது அந்த இருநூறு அடியைத்தான். கடைக்காரர்களும் விளம்பரப் பலகையையும் தண்ணீர் கேனையும் ஒரு முழம் உள்ளே தள்ளி வைத்தால் என்ன குறைந்துவிடும்? சாமான் பெயர் வராமல் பெரியவர் தடுமாறும்போது, “என்ன வேணும், சீக்கிரம் சொல்லு பெருசு” என்ற அதட்டலையும் விட்டுவிடலாம். அரை நிமிடம் பொறுத்தால் அவரே சொல்லிவிடுவார்.

வீட்டில் செய்ய வேண்டியதற்குக் காசு செலவில்லை. பால் வாங்கும் வேலையை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். காலில் வழுக்காத செருப்பு, சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் ஓரமாக நின்று பேசி முடித்துவிட்டு நடக்கச் சொல்லுங்கள். “அரை லிட்டர் பாலுக்கு இவ்வளவு நேரமா?” என்று வாசலிலேயே மறிக்க வேண்டாம். காபி கொஞ்சம் லேட்டாகத்தான் கிடைக்கும்.