அந்த மூன்று நாள்

மானிப்பாய்ப் பக்கத்துக் குறிச்சிகளில் முப்பது வருடம் குடும்பநல மாதுவாகச் சைக்கிளில் திரிந்தவள் நான். ஒரு கர்ப்பிணிப் பிள்ளையின் கிளினிக் கொப்பியில் ‘ஓ நெகற்றிவ்’ என்று எழுதியதும் அவள் என் கையைப் பிடித்தாள். “மிசி, மாமிக்குச் சொல்லிப்போடாதேங்கோ.” அந்தச் சொல் அவளுக்குக் குறையாகக் கேட்டிருக்கிறது. செங்குழியத்தின் மேல் ‘டி’ என்ற புரதம் இல்லை, அவ்வளவுதான். எங்கள் நாட்டில் நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேர் அப்படி. அதை நான் அன்று சொல்லவில்லை. வரிசை நீளம், அடுத்தவளைக் கூப்பிட்டேன்.

நாலாம் மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்தது. வீட்டோடு மறைத்துவிட்டார்கள். எனக்குத் தெரிய இரண்டு கிழமை ஆனது. அடுத்த பிள்ளை பிறந்த அன்றே மஞ்சளாகி, இரத்தம் மாற்ற வேண்டி வந்தது.

கலைந்த கருவின் செங்குழியங்கள் சில தாயின் இரத்தத்தில் கலந்திருந்தன. தகப்பன் வழி வந்த ‘டி’ அவற்றில் இருந்தது. தாயின் உடல் அதை அந்நியமென்று கண்டு பிறபொருளெதிரி செய்யப் பழகியது. பழகியதை அது மறக்காது. அடுத்த கர்ப்பத்தில் அந்த எதிரி நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையின் செங்குழியங்களில் ஒட்டியது. ஒட்டியவை மண்ணீரலில் அழிந்தன.

1968இலிருந்து புழக்கத்திலுள்ள அன்ரி-டி ஊசி அதே எதிரியைத்தான் முன்கூட்டிக் கொடுக்கிறது. வழிதவறி வந்த செங்குழியங்களில் அது ஒட்ட, தாயின் மண்ணீரலிலுள்ள தின்குழியங்கள் அவற்றை விழுங்கிவிடும்; தாயின் உடல் பழக இடமிராது. 300 மைக்ரோகிராம் ஊசி ஒன்று ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் இரத்தத்துக்குப் போதும். ஆனால் கரு கலைந்து மூன்று நாளுக்குள் போட வேண்டும். இந்த மருந்து மனிதர் கொடுக்கும் குருதித் திரவத்திலிருந்து வருவது. அவுஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹரிசன் என்பவர் ஆயிரம் தடவைக்கு மேல் அதற்காகக் கை நீட்டினார்.

எல்லாக் கலைவுக்கும் ஊசி தேவைப்படாது. மாதத்தைப் பார்த்து வைத்தியர் சொல்வார். மறைத்தால் எப்படிச் சொல்வார்?

வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த ஊர் இது. இங்கே ஒரு பெண் தன் இரத்தவகையின் பொருள் தெரியாமல் கொப்பியோடு வீடு திரும்புவது என்னால் பொறுக்க முடியாதது. இரத்தவகைக்குக் கீழே தமிழில் ஒரு வரி எழுதுங்கள், இன்று இந்த வேலையில் இருக்கும் தங்கச்சிமாரே. வாசித்தும் காட்டுங்கள்: “இரத்தம் பட்டாலோ, விழுந்து வயிறு அடிபட்டாலோ, கரு கலைந்தாலோ அன்றைக்கே வாங்கோ.”