கழற்றத் தெரியாதவர் ஒட்ட வேண்டாம்

பழைய கித்தாரின் பிரிட்ஜ் பெயர்ந்து வந்தால் நம் ஊரில் இரண்டு யோசனைகள் இலவசமாகக் கிடைக்கும். ‘சூப்பர் குளூ ஊத்தி ஒட்டிரு தம்பி’ என்பது ஒன்று. ‘இந்தக் காசுக்குப் புதுசே வாங்கிரலாமே’ என்பது இன்னொன்று. இரண்டுமே சோம்பேறித்தனம் என்பது என் கட்சி.

என் மாமாவின் யமஹா எஃப்ஜி-180 என் கைக்கு வந்தபோது ஏற்கெனவே ஒருமுறை ‘ரிப்பேர்’ ஆகியிருந்தது. 1966இல் வெளிவரத் தொடங்கிய வரிசை அது. ஒரு கடையில் பிரிட்ஜுக்கு எபாக்சி பூசி, போதாததற்கு இரண்டு மர ஸ்குரூவையும் இறக்கிக் கொடுத்திருந்தார்கள். ‘இனி ஜென்மத்துக்கும் வராது’ என்று சொன்னார்களாம். அந்த வாக்கியத்தில்தான் என் சண்டை.

ஆறு இரும்புக் கம்பிகளும் சுருதி சேர்ந்து நிற்கும்போது பிரிட்ஜை இழுக்கும் விசை ஏறக்குறைய 70 கிலோ. ஒரு வளர்ந்த ஆள் இரவும் பகலும் அதில் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்பலகையோ சில மில்லிமீட்டர் கனம்தான். என்றைக்காவது ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். பசை விட்டுக்கொடுத்தால் மறுபடி ஒட்டலாம். பசை பிடிவாதமாக நின்றால் பலகை கிழியும். என் கித்தாரில் நடந்தது அதுதான். பிரிட்ஜ் வந்தது, கூடவே மேற்பலகையின் தோலும் உரிந்து வந்தது.

பழைய கைவினைஞர்கள் மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையைப் பயன்படுத்தினார்கள். நல்ல பிடிமானம் உண்டு. சூடும் ஈரமும் காட்டினால் இளகவும் செய்யும். பிரிட்ஜைச் சூடாக்கி, மெல்லிய கத்தியை மர நாரின் போக்கிலேயே நுழைத்தால் பொறுமையாகக் கழன்று வரும். எபாக்சி இளகும்வரை சூடு காட்டினால் சுற்றியுள்ள வார்னிஷ் கொப்பளிக்கும் அபாயம் இருக்கிறது. சூப்பர் குளூ மர நாருக்குள் ஊறிவிட்டால் அடுத்த பசைக்கு அங்கே இடமே இல்லை.

‘நம்ம வெயிலுக்கு அந்தப் பசையெல்லாம் தாங்காது லா’ என்பார்கள். பூட்டிய காருக்குள் மத்தியான வெயிலில் விட்டுப்போனால் கடையில் விற்கும் மஞ்சள் மரப்பசையும்தான் இளகும். தப்பு பசையுடையதா, காரில் விட்டுப்போனவருடையதா?

‘ப்ளைவுட் கித்தாருக்கா இவ்வளவு?’ என்று கேட்பவர்கள்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். மார்ட்டின் என்றால் மெனக்கெடுவார்களாம், மாமா வாங்கிய யமஹா என்றால் ஸ்குரூ போதுமாம். விலையைப் பார்த்துக் கையின் நேர்மையை முடிவு செய்கிறவரிடம் நான் எதையும் பழுதுபார்க்கக் கொடுக்க மாட்டேன்.

மெனக்கெடல் என்றாலும் வானத்தை வில்லாக வளைக்கும் வேலை ஒன்றுமில்லை. பழைய பசையைச் சுரண்டினேன். உரிந்த இடத்தில் மெல்லிய ஸ்ப்ரூஸ் துண்டு பதித்தேன். ஸ்குரூ ஓட்டைகளுக்கு மரக்கட்டை அடைத்தேன். நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை அளந்து, அதை இரட்டித்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூட்டி சேடில் வரும் இடத்தைக் குறித்தேன். அது பிசகினால் மேலே போகப்போக சுருதி விலகும். பசையைப் பூசியபின் ஒரு நிமிடம்கூட அவகாசம் கிடைக்காது. அதனால் கிளாம்ப் போடுவதைப் பசை இல்லாமலே பலமுறை ஒத்திகை பார்த்தேன். ஒட்டியபிறகு ஒருநாள் முழுக்கக் கம்பியைத் தொடவில்லை.

இப்போது வாசிக்கிறேன். என்றைக்காவது அந்த பிரிட்ஜ் மறுபடி தூக்கும், அது எனக்குத் தெரியும். ‘ஜென்மத்துக்கும் வராது’ என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அன்றைக்கு அதைத் திறக்கிறவர், நான் அந்தக் கடைக்காரரைத் திட்டியதைப்போல என்னைத் திட்டாமலிருந்தால் போதும்.