மறு கையெழுத்துக் கேட்டால்...

புடவை எடுத்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், கடைக்காரர் போன் செய்து, "அம்மா, பில்லை மாத்தி எழுதணும், இன்னொரு முந்நூறு ரூபாயோட வாங்க" என்றால் நாம் போவோமா? "எதுக்கு?" என்று கேட்காமல் விடமாட்டோம். அதுவே பல லட்ச ரூபாய் காராக இருந்தால், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். கார், கடன் எல்லாம் ஆண்கள் சமாசாரம் என்று ஒதுங்கியும் விடுகிறோம். ஆனால் தவணைப் பணம் போவது என்னவோ நம் வீட்டு மளிகை, பால், பள்ளிக்கூட ஃபீஸ் கணக்கிலிருந்துதான்!

இங்கே காந்தலில் என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாமியாரை மாதம் ஒரு தடவை கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். மேட்டுப்பாளையம் வழியாகப் பஸ்ஸில் போய் வந்தால் ஒரு நாள் முழுதும் போய்விடும். கொண்டை ஊசி வளைவுகளில் அந்த அம்மாளுக்கு வாந்தி வேறு. அதனால் ஒரு சின்னக் கார் வாங்கினார்கள். கையிலிருந்தது போக 6 லட்சம் கடன், வட்டி 9 சதவீதம், 60 மாதம், தவணை 12,455 ரூபாய். பேப்பரில் கையெழுத்தாகி, வண்டியும் வீடு வந்து, கோயிலில் எலுமிச்சம்பழமும் நசுக்கியாச்சு.

பன்னிரண்டாம் நாள் கார் விற்ற டீலரிடமிருந்து போன். "சார், ஃபைனான்ஸ் பேப்பர்ல ஒரு சின்ன கரெக்‌ஷன். மறுபடி கையெழுத்துப் போடணும். நீங்க இறங்கி வர வேண்டாம், பையனையே அனுப்பறோம். ரெண்டு நிமிஷ வேலை."

மாப்பிள்ளை சரியென்று சொல்லிவிட்டார். தங்கைக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "அக்கா, அந்தப் பையன் வரும்போது நீயும் இரு" என்றாள். சாயங்காலம் பனி இறங்கும் நேரத்துக்கு வந்த பையன், பென்சிலில் குறி போட்ட ஒரு கத்தைப் பேப்பரை நீட்டி, "மேடம், உங்களுக்கு லாபம்தான். தவணை மாசம் 2,339 ரூபா குறையுது" என்றான்.

குறைகிறது என்ற சொல்லைக் கேட்டதும் மாப்பிள்ளை முகம் மலர்ந்தது. நான் பேப்பரை வாங்கிப் பார்த்தேன். வட்டி பத்தரை சதவீதம், மாதம் 84, தவணை 10,116. காலண்டர் தாளின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்தோம்.

பழைய பேப்பர்படி: 12,455 ரூபாய் x 60 மாதம் = 7,47,300 ரூபாய்.

புதுப் பேப்பர்படி: 10,116 ரூபாய் x 84 மாதம் = 8,49,744 ரூபாய்.

ஒரு லட்சத்து இரண்டாயிரத்துச் சொச்சம் அதிகம்! மாதத்தில் மிச்சமாவதுபோல் தெரிந்ததெல்லாம், கடைசி இரண்டு வருஷத்தில் வட்டியும் முதலுமாகப் போய்விடும். மாதத்தைக் கூட்டாமல் 60 என்றே வைத்து வட்டியை மட்டும் ஏற்றியிருந்தாலும், தவணை 12,896 ஆகும்; மொத்தத்தில் 26 ஆயிரத்துக்கு மேல் கூடுதல்.

"தம்பி, இது கரெக்‌ஷன் இல்லையே, புதுக் கடனா இல்லே இருக்கு?" என்றேன். "பாங்க்ல பழைய ரேட் கிடைக்கலைங்கறாங்க, அக்கா" என்றான். "அப்போ அதை எழுதிக் குடுக்கச் சொல்லு" என்றாள் தங்கை. பையன் டீ குடித்துவிட்டுப் பேப்பரோடு திரும்பினான்.

அன்று இரவே மாப்பிள்ளை கடன் கொடுத்த இடத்துக்கு நேராகவே மெயில் அனுப்பினார். "எங்கள் முதல் கடன் ரத்தாகிவிட்டதா? ஆமென்றால் எழுத்தில் தெரிவிக்கவும்." இரண்டு நாளில் பதில் வந்தது. முதல் கடன் அப்படியே இருக்கிறது; பாங்க் கணக்கிலிருந்து மாதாமாதம் தவணை பிடிக்கும் படிவத்தில் மட்டும் கையெழுத்து ஒத்துப்போகவில்லை, அந்த ஒரு தாளில் போட்டால் போதும் என்று. ஒரே ஒரு தாளுக்கு வேண்டிய கையெழுத்தோடு, ஒரு லட்ச ரூபாயும் சேர்ந்து போக இருந்தது!

எல்லா மறு கையெழுத்தும் மோசடி இல்லை

இதை நியாயமாகச் சொல்ல வேண்டும். உண்மையிலேயே மறுபடி கையெழுத்து வேண்டிவருவது உண்டு. ஆதாரில் ஒரு எழுத்து, பேப்பரில் ஒரு எழுத்து என்று பெயர் மாறியிருக்கலாம். சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் தப்பாக இருக்கலாம். ஜாமீன்தாரர் ஒரு பக்கத்தில் கையெழுத்தை விட்டிருக்கலாம். இவையெல்லாம் திருத்தம். திருத்தத்தில் வட்டி, மாதக் கணக்கு, கடன் தொகை, கடன் கொடுப்பவர் பெயர் ஆகிய நான்கும் மாறக்கூடாது. நான்கில் ஒன்று மாறினாலும் அது புது ஒப்பந்தம்.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62-வது பிரிவு சொல்வதும் இதுதான். இரண்டு தரப்பும் சம்மதித்துப் பழைய ஒப்பந்தத்துக்குப் பதில் புதியதைச் செய்துகொண்டால், பழையதன்படி நடக்கத் தேவையில்லை. 'இரண்டு தரப்பும் சம்மதித்து' என்பதைக் கவனியுங்கள். நம் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாததால்தான் மலையேறி வந்து கையெழுத்துக் கேட்கிறார்கள்.

இதில் நமக்கு இன்னொரு பிடியும் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கப்படும் கார் கடன் போன்ற சில்லறைக் கடன்களுக்கு, 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்' என்ற முக்கிய விவரத் தாளைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வட்டியும் மற்றச் செலவுகளும் சேர்ந்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம், தவணை எத்தனை என்பதெல்லாம் அதில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். ஆகவே தமிழில் கேட்கலாம். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தைப் பிற்பாடு நம் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்கக் கூடாது. மறு கையெழுத்து என்பது பல சமயம் அந்தச் சம்மதத்தைத்தான் வாங்கிக்கொள்கிறது. ஆகவே புதுப் பேப்பர் வந்தால், "இதுக்குப் புது விவரத் தாள் எங்கே?" என்று கேளுங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

'லீஸா', கடனா?

எங்கள் ஊரில் எதற்கும் 'டியூ வண்டி' என்றே பெயர். ஆனால் பேப்பரில் மூன்று விதம் உண்டு. ஹைபாதிகேஷன் என்றால் வண்டி நம்முடையது, கடன் தீரும்வரை அதன்மேல் அவர்களுக்குப் பிடி. ஹையர் பர்ச்சேஸ் என்றால் கடைசித் தவணை கட்டும்வரை வண்டி அவர்களுடையது. லீஸ் என்றால் வாடகை மாதிரி. கெடு முடிந்ததும் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தத்தில் இடமிருந்தால் தனியாக விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுக்குத் தவணை வண்டி புதிதல்ல. டி.எஸ். சந்தானம் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கியது 1954-இல். ஹையர் பர்ச்சேஸுக்கென்று 1972-இல் பார்லிமெண்டில் ஒரு சட்டமே போட்டார்கள். அது கடைசிவரை அமலுக்கு வராமலே 2005-இல் ரத்தானது. ஆகவே அந்தச் சட்டம் காப்பாற்றும் என்று இருக்க முடியாது. நாம் கையெழுத்திடும் தாள்தான் நமக்குப் பெரிய சாட்சி. முதல் பேப்பரில் ஹைபாதிகேஷன் என்று இருந்து, இரண்டாவதில் லீஸ் என்று இருந்தால் பேனாவைத் தொடவே வேண்டாம்.

அமெரிக்காவிலும் இந்த வழக்கம் இருக்கிறது. வண்டியைக் கையில் கொடுத்து, வீட்டில் எல்லோரும் ஏறிப் பழகிய பிறகு, "கடன் கிடைக்கவில்லை, அதிக வட்டிக்குக் கையெழுத்துப் போடுங்கள்" என்று திரும்பக் கூப்பிடுவார்களாம். கயிற்றில் போய்த் திரும்பி வரும் 'யோ-யோ' பொம்மையின் பெயரையே அங்கே அதற்கு வைத்திருக்கிறார்கள். வாசலில் நிற்கும் வண்டியைத் திருப்பிக் கொடுக்க நமக்கு மனசு வராது, அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் வேறு. அந்தக் கூச்சத்தின் விலைதான் அந்த லட்ச ரூபாய்.

போன் வந்தால் செய்ய வேண்டியவை

1. என்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி. வாய்வார்த்தைக்குப் போகாதீர்கள்.

2. டீலரை மட்டும் நம்பாமல், கடன் கொடுத்த பாங்கையோ கம்பெனியையோ நேராகக் கேளுங்கள்.

3. தவணையை மாதத்தால் பெருக்கி மொத்தத்தைப் பாருங்கள். 'ஃபிளாட் ரேட்' என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 6 லட்சத்துக்கு 5 வருஷம் 6 சதவீதம் ஃபிளாட் என்றால் தவணை 13,000 ரூபாய். உண்மை வட்டி 11 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும்.

4. வெற்றுத்தாளிலும், தொகை எழுதாத செக்கிலும் கையெழுத்து வேண்டாம். புது ஒப்பந்தத்தோடு அவர்கள் சொல்லும் இன்ஷ்யூரன்ஸையே எடுத்தாக வேண்டும் என்றும் இல்லை.

5. கடன் நிஜமாகவே மறுக்கப்பட்டிருந்தால் பயப்படாதீர்கள். நம் பாங்கில் விசாரிக்கலாம். புது விவரங்களை முழுசாகப் பார்த்துச் சம்மதிக்கலாம். வண்டியைத் திருப்பி முன்பணத்தைக் கேட்கலாம். முன்பண ரசீது பத்திரம்!

6. புதியதற்குச் சம்மதித்தால், பழையது ரத்து என்று எழுதி வாங்குங்கள். பழைய செக்குகளைத் திரும்பப் பெறுங்கள், பழைய தவணைப் பிடிப்புப் படிவத்தை நிறுத்துங்கள். கடன் கொடுப்பவர் மாறியிருந்தால் ஆர்.சி.யிலும் பெயர் மாற வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை வாங்கி, ஒரே வண்டிக்கு இரண்டு கடன் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

7. குறை இருந்தால் முதலில் கடன் கொடுத்தவரிடமே எழுதிக் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. விவரம் கேட்க 14448. டீலர் மேல் குறையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கத்தரிக்காயை ஒன்றொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பொறுக்குகிறவர்கள் நாம். ஐந்து வருஷம் கட்டப் போகிற பேப்பரையும் அப்படியே திருப்பிப் பாருங்கள். "இன்னிக்கே போட்டாகணும்" என்று அவசரப்படுத்தினால், "நாளைக்குச் சொல்றோம்" என்று பதில் சொல்லுங்கள். நாளைக்குப் படிக்க விடாத பேப்பரில் இன்றைக்குக் கையெழுத்து எதற்கு?