சூரிய கிரகணமும் ஜனங்களின் கண்களும்

2031-ஆம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி புதன்கிழமை, நண்பகல் கழிந்த சிறிது நேரத்தில், கங்கண சூரிய கிரகணம் நிகழவிருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து சமுத்திரத்தைக் கடந்து, கேரளத்தின் வழியாகத் தேனி, மதுரை ஜில்லாக்களில் புகும் அதன் பாதையில் நமது கூடலூரும் அமைந்திருக்கிறது. 2010-இல் இராமேசுவரத்தாரும், 2019-இல் கோயம்புத்தூராரும் கண்ட காட்சி, ஏறக்குறைய ஐந்து நிமிஷ காலம் நம் தலைக்கு மேலேயே தோன்றப் போகிறது. அதைக் காண வெளியூர்களிலிருந்து பலர் விலையுயர்ந்த கருவிகளுடன் வருவர் என்பதில் ஐயமில்லை. அன்று உள்ளூர் ஜனங்களின் கதி என்ன என்பதே நமது கேள்வி.

இவ்விஷயத்தில் இருவிதத் தவறுகள் நம்மிடையே உண்டு. ஒன்று அச்சம். 1980-ஆம் வருஷம் பிப்ரவரி 16-ந் தேதி கிரகணத்தன்று நம் தேசத்தின் பல நகரங்களில் வீதிகள் வெறிச்சோடிக் கிடந்தன. மற்றொன்று அலட்சியம். கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படச்சுருள், புகையேற்றிய கண்ணாடி, மஞ்சள் நீர்த் தாம்பாளம் ஆகியவற்றை நம்பிச் சூரியனை உற்று நோக்குவது. அச்சம் காட்சியைப் பறிக்கிறது. அலட்சியமோ கண்ணையே பறித்துவிடக் கூடும்.

கிரகண காலத்தில் சூரியனிடமிருந்து விசேஷ விஷக் கதிர் எதுவும் வருவதில்லை. மற்ற நாட்களில் கூச்சம் நம் கண்ணைத் தானே திருப்பிவிடுகிறது. கிரகணத்தன்று வெளிச்சம் குன்றுவதால் அந்தக் காவல் தளர்கிறது. ஆவலும் சேர்ந்து கண்ணை அங்கேயே நிறுத்துகிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டது உடனே தெரிவதில்லை. சில மணி நேரம் சென்ற பிறகே, பார்வையின் நடுவில் கறை படிந்ததை மனிதன் உணருகிறான். 1999-ஆம் வருஷக் கிரகணத்திற்குப் பின் இங்கிலாந்தில் லெஸ்டர் நகர வைத்தியசாலை ஒன்றுக்கு மட்டும் 45 பேர் கண் கோளாறு என்று வந்தனர். படிப்பில் முன்னேறிய தேசத்திலேயே இது நேர்ந்தது.

பூரண கிரகணத்தில் சூரியன் முற்றும் மறைந்திருக்கும் சில கணங்கள் வெறுங்கண்ணால் பார்க்கத்தக்கவை. கங்கண கிரகணத்தில் அத்தகைய கணம் ஒன்றுகூட இல்லை. வளையம் தோன்றும் உச்ச நேரத்திலும் சூரிய பிம்பத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு எரிந்துகொண்டே இருக்கும். கண்ணைச் சுட அது போதும்.

கருவிகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். தூரதிருஷ்டிக் கண்ணாடியும் காமிராவும் வெயிலைத் திரட்டி ஒரு புள்ளியில் குவிப்பவை. சூரிய வடிகட்டியை அவற்றின் முன்முகத்தில் பொருத்த வேண்டும். கண் வைக்கும் பக்கத்தில் பொருத்தினால் வெப்பத்தால் அது வெடித்துவிடலாம். கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு பைனாகுலரில் பார்ப்பதும் பெரும் அபாயம். வடிகட்டியில்லாமல் நெடுநேரம் சூரியனை நோக்கி நிறுத்திய காமிராவும் பழுதாகும்.

பரிகாரமோ மிக எளிது. ஐ.எஸ்.ஓ. 12312-2 என்னும் நிர்ணயத்திற்கு உட்பட்ட, கீறலில்லாத கண்ணாடி ஒன்று. அல்லது வெல்டிங் வேலைக்குரிய 14-ஆம் எண் கண்ணாடி. இரண்டும் இல்லாதார் ஓர் அட்டையில் ஊசித் துளையிட்டுச் சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால், துளை வழியாக விழும் பிம்பத்தைத் தரையில் காணலாம். நமது பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலின் கீழ் இலை இடுக்குகளெல்லாம் ஊசித் துளைகளாகி, நிலமெங்கும் ஒளி வளையங்களைச் சிதறும். இதற்குக் காலணாச் செலவில்லை.

ஆனால் இதை ஜனங்களுக்கு யார் சொல்வது? மே மாதத்தில் பாடசாலைகளுக்கு விடுமுறை. அன்று பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் காட்ட உபாத்தியாயர்கள் இரார். தோட்டத்தில் கூலி வேலை செய்வோர் உச்சி வெயிலில் வெளியில்தான் இருப்பர். ஆகையால் அந்தக் கல்வியாண்டு முடியுமுன்பே மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கண்ணாடி சேர்ந்திருக்க வேண்டும். நகரசபை தெருத்தோறும் தமிழில் துண்டுப் பிரசுரம் வழங்க வேண்டும். 1874-ஆம் வருஷம் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது, சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் அதைப் பாமரர்க்கு விளக்கச் சிறு நூல் வெளியிட்டார். அந்நிய ஆட்சியில் தனி மனிதர் ஒருவர் செய்ததைச் சுயராஜ்யத்தில் சர்க்கார் செய்ய இயலாதா? 1901 முதல் சூரியனை ஆராய்ந்துவரும் கொடைக்கானல் நிலையம் நம் அண்டை மலையில் இருக்கிறது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை, அதை ஏழையின் குடிசை வரை கொண்டு சேர்க்கும் முயற்சிதான் வேண்டும்.

கிரகணம் நாள் தவறாமல் வரும். நமது சர்க்காரும் நகரசபையும் அதற்கு முன்னரே விழித்துக்கொள்ளட்டும். கூடலூர்க் குழந்தை ஒன்றுகூட அன்று கதவடைத்த வீட்டில் முடங்கவும் வேண்டாம். பார்வையை இழக்கவும் வேண்டாம்.